மாப்பிள்ளை தயார், மண்டபம் எங்கே?

வீட்டில் பெண்ணுக்கு வரன் பார்க்கத் தொடங்கிவிட்டால் என்னென்ன கேள்விகள் வரும்? பையன் என்ன வேலை பார்க்கிறார்? சொந்த வீடு இருக்கிறதா? குணம் எப்படி? நாளைக்குக் குழந்தை பிறந்தால் கூடமாட ஒத்தாசை செய்வாரா? எல்லாவற்றுக்கும் நல்ல பதில் கிடைத்துவிட்டால் கடைசியாக ஒரு கேள்வி மிஞ்சும்: மண்டபம் கிடைக்குமா?

இந்தக் கேள்விகள் நமக்கு மட்டும் சொந்தமானவை அல்ல. கோல சிலாங்கூரின் ஆற்றங்கரையில், ஜொகூரின் கடல்புல் திட்டில், கிராஞ்சியின் சேற்றில், புலாவ் உபினின் மரப்பொந்தில் இதே கேள்விகள் வேறு வேறு மொழிகளில் கேட்கப்படுகின்றன. ஒன்று வெளிச்சத்தால் பதில் சொல்கிறது. ஒன்று வீடு கட்டிக் காட்டுகிறது. இன்னொன்று பிள்ளையையே தான் சுமந்து காட்டுகிறது.

விலங்குகளின் காதல் என்றதும் ஆப்பிரிக்கச் சிங்கமும் பனிப்பிரதேசப் பென்குவினும்தான் நமக்கு நினைவுக்கு வரும். தொலைக்காட்சி பழக்கிவிட்ட பழக்கம் அது. இந்த வாரம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். காரில், பேருந்தில், படகில் போய்ப் பார்க்கக்கூடிய நம் அண்டை வீட்டுக்காரர்கள் ஆறு பேரின் கல்யாணக் கதைகளைப் பார்ப்போம்.

போகும் வழியில் ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இயற்கையில் பெரும்பாலும், முட்டைக்கும் குஞ்சுக்கும் அதிகம் செலவழிப்பவர்தான் துணையைத் தேர்ந்தெடுப்பார். மற்றவர் தேர்வு எழுதுவார். அந்தத் தேர்வு நடக்க ஓர் இடம் வேண்டும். அந்த இடம்தான் மண்டபம்.

மின்மினி: இருட்டுதான் பந்தல்

கோலாலம்பூரிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேரக் கார்ப் பயணத்தில் கம்போங் குவாந்தான் இருக்கிறது. சிலாங்கூர் ஆற்றின் கரையோரம் வரிசையாக 'பெரெம்பாங்' மரங்கள். இருட்டிய பிறகு சம்பானில் ஏறிப் போனால், மரம் முழுக்கச் சீரியல் விளக்கு போட்டது போல் மின்மினிகள் மின்னும். மலாய்க்காரர்கள் 'கெலிப் கெலிப்' என்பார்கள். நம் ஆள்கள் இரண்டு பெயரையும் கலந்தே பேசுவார்கள்.

அழகு அங்கே பாதிதான். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் மீதி புரியும். ஒரே மரத்தில் இருக்கும் ஆண் பூச்சிகள் ஆளுக்கொரு நேரத்தில் மின்னுவதில்லை. எல்லாம் சேர்ந்து, ஒரே தாளத்தில், வினாடிக்கு ஏறக்குறைய மூன்று முறை மின்னுகின்றன. தலைமைத் தவிற்காரர் யாரும் இல்லை. பக்கத்துப் பூச்சி மின்னுவதைப் பார்த்து ஒவ்வொன்றும் தன் தாளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்துகொள்கிறது. சிறிது நேரத்தில் மரமே ஒரு இதயம் போல் துடிக்கிறது.

இதை மேலை நாட்டு விஞ்ஞானிகள் பலர் வெகுகாலம் நம்பவில்லை. 1917இல் ஒருவர் புகழ்பெற்ற அறிவியல் சஞ்சிகையில் எழுதினார்: பூச்சிகள் சேர்ந்து மின்னவில்லை, பார்ப்பவரின் இமைதான் துடிக்கிறது என்று! சந்தேகம் தீர 1960கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜான் பக், எலிசபெத் பக் என்ற அமெரிக்க ஆய்வாளர் தம்பதி தாய்லாந்துக்கு வந்தார்கள். பைகளில் மின்மினிகளைப் பிடித்துக்கொண்டு போய், பேங்காக் ஹோட்டல் அறையில் விளக்கை அணைத்துவிட்டுப் பறக்கவிட்டார்கள். சுவரிலும் திரைச்சீலையிலும் போய் உட்கார்ந்த பூச்சிகள் முதலில் தாறுமாறாக மின்னின. பிறகு இரண்டு இரண்டாக, மூன்று மூன்றாகத் தாளம் சேர்ந்தன. கணவனும் மனைவியும் சேர்ந்து பூச்சிகளின் காதலை நிரூபித்த கதை இது.

ஆண்களின் இந்தக் கூட்டு வெளிச்சத்துக்குப் பெண் பூச்சி தன் மங்கலான ஒளியால் பதில் தருகிறது. முட்டை ஆற்றங்கரையின் ஈர மண்ணில். அதிலிருந்து வரும் புழு மாதக்கணக்கில் கரையோரச் செடிகளுக்கு அடியில் சிறு நத்தைகளைத் தின்று வளர்கிறது. சிறகு முளைத்த பிறகான வாழ்க்கை மிகக் குறைவு. அந்தக் கொஞ்ச நாளுக்குள் துணையைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

இப்போது அந்த ஆற்றங்கரையில் ஒரு பிரகாசமான விளக்குக் கம்பத்தை நட்டுப் பாருங்கள். பூச்சி சாகாது. மரமும் அப்படியே நிற்கும். ஆனால், பெண்ணின் மெல்லிய பதில் அந்த வெளிச்சத்தில் காணாமல் போய்விடும். கச்சேரி நடக்கும் கூடத்தில் ஒலிபெருக்கியை அலறவிட்டு, அதற்கு நடுவே காதோடு ரகசியம் பேசச் சொல்வது போன்றது அது. கரையோரச் செடிகளை வெட்டிச் செம்பனையைக் கரை வரை நட்டால் நத்தை போகும். நத்தை போனால் புழு போகும்.

சிங்கப்பூரிலும் மின்மினி உண்டு. நீ சூன் சதுப்புக் காட்டில் 2009இல் கண்டெடுக்கப்பட்ட ஓர் இனத்தைப் புதியது என்று உறுதிசெய்து, 2021இல் 'லூசியோலா சிங்கப்பூரா' என்று பெயரிட்டார்கள். 1909க்குப் பிறகு சிங்கப்பூரில் கண்டறியப்பட்ட முதல் புதிய மின்மினி இனம். நாட்டின் பெயரைத் தாங்கிய அந்தச் சின்னஞ்சிறு மாப்பிள்ளைக்கு வேண்டிய முதல் சீர்வரிசை, கொஞ்சம் இருட்டு.

குவாங் ராயா: முதலில் குரல், பிறகு மேடை

தமான் நெகாரா போன்ற பெரிய காடுகளில் நடந்தவர்கள் ஒரு குரலைக் கேட்டிருப்பார்கள். 'கு-வாவ்' என்று ஒரு கிலோமீட்டர் தாண்டியும் கேட்கும் கணீர்க் குரல். மலாயில் 'குவாங் ராயா', ஆங்கிலத்தில் 'கிரேட் ஆர்கஸ்'. மயிலுக்கு உறவுக்காரப் பறவை.

குரல் கொடுப்பதற்கு முன் ஆண் பறவை ஒரு வேலை செய்துவிடும். காட்டுத் தரையில் சில மீட்டர் அகலத்துக்கு ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, சருகு, குச்சி, சிறு செடி என்று ஒன்று விடாமல் அகற்றிப் பெருக்கி வைக்கும். புதிதாக ஓர் இலை விழுந்தால் அதையும் எடுத்துப் போடும். பொங்கலுக்கு முதல் நாள் அம்மா வாசலைப் பார்த்துக்கொள்வது போல அவ்வளவு அக்கறை.

குரல் கேட்டுப் பெண் பறவை வந்ததும் ஆட்டம் தொடங்கும். சுற்றிச் சுற்றி நடந்து, தரையை மிதித்து, சட்டென்று இரண்டு இறக்கைகளையும் பெரிய விசிறி போல் விரித்து முன்னால் கவிழ்க்கும். இறக்கை முழுக்க வரிசையாகக் கண்கள். தட்டையான இறகுதான், ஆனால் ஒவ்வொரு கண்ணும் குழியில் வைத்த உருண்டை மணி போல் புடைத்துத் தெரியும். ஓவியர் நிழலும் ஒளியும் காட்டித் தீட்டியது போன்ற அந்த வேலைப்பாடு டார்வினையே திகைக்கவைத்தது. 1871இல் வெளிவந்த மனிதத் தோற்றம் பற்றிய தம் நூலில், அழகைப் பெண் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்தே இப்படியொரு இறகு உருவாகியிருக்க வேண்டும் என்பதற்கு அவர் இந்தப் பறவையை விரிவாக எடுத்துக்காட்டினார். பெண்ணின் ரசனைக்கு அவ்வளவு சக்தியா என்று அன்றைய விஞ்ஞானிகள் பலர் முகம் சுளித்தது வேறு கதை.

இத்தனை ஆடம்பரம் காட்டும் இந்த மாப்பிள்ளை, கல்யாணம் முடிந்ததும் நழுவிவிடுவார். முட்டையிடுவதும் அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் தாயின் பொறுப்பு. அதனால்தான் அவள் ஆற அமரப் பார்க்கிறாள். அவளுக்குக் கிடைக்கப்போவது நல்ல வாரிசு மட்டுமே.

குரலை வைத்துப் பிழைப்பவள் என்பதால் எனக்கு இந்தப் பறவையிடம் தனி மரியாதை. குரல் ஆளை வரவழைக்கும். வந்தவர் நிற்பது, நாம் அதற்கு முன்பே பெருக்கி வைத்த தரையைப் பார்த்துத்தான். ஆனால் இந்த மேடை அடர்ந்த, ஆள் நடமாட்டமில்லாத காட்டுத் தரையில் மட்டுமே அமையும். மரம் வெட்டும் சாலை ஒன்று குறுக்கே போய்விட்டால், பெருக்கியும் பயனில்லை.

தூக்கணாங்குருவி: பாதி கட்டிய வீடு

சிங்கப்பூர் இளையர்களிடம் 'கல்யாணம் பண்ணிக்கொள்வோமா?' என்று கேட்பதற்குப் பதிலாக 'பிடிஓ விண்ணப்பிப்போமா?' என்று கேட்டால் போதும் என்று ஒரு நகைச்சுவை உண்டு. தூக்கணாங்குருவி இதை வெகுகாலமாகச் செய்துவருகிறது.

இனப்பெருக்கக் காலத்தில் ஆண் குருவியின் தலை மஞ்சள் பூசிக்கொள்ளும். புல்லிலிருந்தும் தென்னை ஓலையிலிருந்தும் நீள நீளமாகக் கீற்றுக் கிழித்து, நூற்றுக்கணக்கான முறை பறந்து, கூட்டைப் பின்னும். ஆனால் முழுதாகக் கட்டாது. தலைக்கவசம் போல் பாதி வந்ததும் நிறுத்திவிடும். பிறகு அதில் தொங்கிக்கொண்டு, இறக்கையைப் படபடவென்று அடித்து, பெண்களைக் கூப்பிடும்.

பெண் வரும். உள்ளே நுழைந்து பார்க்கும். பிடிக்கவில்லை என்றால் போய்க்கொண்டே இருக்கும். பிடித்தால்தான் ஆண் மீதிக் கூட்டையும், நீண்ட குழாய் வாசலையும் கட்டி முடிக்கும். யாருக்கும் பிடிக்காத கூடு பாதியிலேயே தொங்கும். காலியான மனைகளைப் பார்த்திருப்பீர்களே, அதே கதை.

வேலைப்பாட்டைப் பார்த்துத்தான் பெண் முடிவு செய்கிறது என்று நாம் நினைப்போம். இந்தியாவில் நடந்த ஆய்வுகள் வேறு மாதிரி சொல்கின்றன: பின்னலின் நேர்த்தியைவிட, கூடு எங்கே தொங்குகிறது என்பதுதான் அதற்கு முக்கியம். போதிய உயரமா, பாம்பும் மற்ற எதிரிகளும் எளிதில் நெருங்க முடியாத கிளையா, எந்த மரம்? வீட்டு முகவர்கள் ஓயாமல் சொல்லும் 'இடம், இடம், இடம்' என்ற பாடத்தைக் குருவி முன்பே படித்துவிட்டது.

மலாய்ப் பழமொழி ஒன்றும் இதைத் தொடுகிறது. காரணம் இல்லாமல் 'தெம்புவா' தாழ்வாகக் கூடு கட்டுமா என்று கேட்பார்கள். தெம்புவா என்பது நம் தூக்கணாங்குருவிதான். தாழ்வாகத் தொங்கினால் பக்கத்தில் குளவிக் கூடோ 'கெரெங்கா' எறும்புக் கூடோ காவலுக்கு இருக்கும். அண்டைவீட்டார் பார்த்து வீடு வாங்கும் சாமர்த்தியம்!

இங்கும் ஒரு சுளுக்கு உண்டு. ஒரு பெண் குடிவந்து முட்டையிட்டதும், ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கி அடுத்த பெண்ணைக் கூப்பிடப் போய்விடும். குஞ்சு வளர்ப்பின் பெரும்பங்கு தாய்க்கே. கூடு மட்டும் உறுதியாக நிற்கும். ஜீவனாம்சம் முன்கூட்டியே கட்டப்பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் குருவிக்குத் தேவை உயர்ந்த புல் வளர்ந்த வெளி. வரைபடத்தில் நாம் 'காலி நிலம்' என்று குறிக்கிறோமே, அதேதான்.

கடற்குதிரை: அப்பாவுக்குப் பிரசவம்

ஜொகூரின் சுங்கை பூலாய் கழிமுகத்தில், நீர் வற்றும் நேரத்தில் தலைகாட்டும் கடல்புல் திட்டுகள் உண்டு. அங்கே கடற்குதிரைகள் வாழ்கின்றன. நிமிர்ந்த உடல், குதிரை முகம், புல்லைப் பற்றிக்கொள்ளும் வால். பார்க்கவே கதைப்புத்தகத்திலிருந்து தப்பி வந்தது போலிருக்கும்.

இதன் குடும்ப வாழ்க்கை அதைவிட விசித்திரம். ஆணின் வயிற்றில் பை இருக்கிறது. காதல் வேளையில் ஆண் அந்தப் பைக்குள் நீரை நிரப்பி உப்பவைத்துக் காட்டும். 'பார், தொட்டில் காலி' என்று சொல்வது போல. இரண்டும் நிறம் மாறும், வாலோடு வால் கோத்துச் சேர்ந்து நீந்தும். பிறகு பெண் தன் முட்டைகளை ஆணின் பையில் இட்டுவிட்டு விலகிவிடும். கருத்தரித்தல் அந்தப் பையில் நடக்கிறது. ஆக்சிஜன் கொடுப்பது, உப்புத்தன்மையைச் சரிசெய்வது எல்லாம் அப்பாவின் உடல் செய்யும் வேலை. ஏறக்குறைய மூன்று வாரம் கழித்து அப்பாவுக்கு வலி வரும். உடலை மடக்கி மடக்கி, நூற்றுக்கணக்கான குட்டிகளை வெளியே தள்ளும். அவற்றில் மிகச் சிலவே வளர்ந்து பெரிதாகும்.

தந்தை சுமந்தால் என்ன லாபம்? குஞ்சுகள் தன்னுடையவை என்பதில் அவருக்குச் சந்தேகமே வராது. அவர் சுமக்கும் நேரத்தில் தாய் அடுத்த தொகுதி முட்டைகளைத் தயார்செய்யலாம். வேலையைப் பகிர்ந்துகொண்டால் குடும்பம் வேகமாக வளரும் என்பது கடலுக்கும் தெரிந்த கணக்கு.

என்னை அதிகம் தொட்டது வேறொன்று. கடற்குதிரைகளை நீருக்கடியில் பல ஆண்டுகள் கவனித்த அமெண்டா வின்சென்ட் என்ற ஆய்வாளர், சில இனங்களில் ஒரு வழக்கத்தைப் பதிவுசெய்தார். ஆண் கர்ப்பமாக இருக்கும் காலத்தில் பெண் ஒவ்வொரு நாள் காலையிலும் அதைத் தேடி வரும். இரண்டும் நிறம் பளிச்சிட, சில நிமிடம் சேர்ந்து ஆடும். பிறகு பிரிந்து அவரவர் இரை தேடப் போகும். மறுநாள் காலை மறுபடியும். 'சாப்பிட்டியா?' என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்புவதற்குக்கூட நமக்கு நேரம் கிடைப்பதில்லை.

இவ்வளவும் அந்தக் கடல்புல் திட்டில்தான் நடக்க வேண்டும். ஜொகூரில் நிலமீட்பும் துறைமுகப் பணிகளும் அந்தப் புல்லை நெருக்குகின்றன. 'சேவ் அவர் சீஹார்சஸ்' என்ற மலேசியக் குழுவின் தன்னார்வலர்கள் அங்கே கடற்குதிரைகளை எண்ணிப் பதிவுசெய்யும் பணியில் ஈடுபட்டிருக்கிறார்கள். இன்னொரு பக்கம், மருந்துக்கென்று காயவைத்து விற்கும் வணிகம். அனைத்துலக வணிகத்துக்கு 2004 முதல் கட்டுப்பாடு இருக்கிறது. வாங்க ஆள் இல்லாமல் போனால்தான் கட்டுப்பாட்டுக்கு முழு பலம்.

பெலாங்காஸ்: விடாப்பிடி தம்பதி

எப்போதும் ஒட்டிக்கொண்டே திரியும் காதலர்களை மலாய் நண்பர்கள் 'மாச்சாம் பெலாங்காஸ்' என்று கேலி செய்வார்கள். பெலாங்காஸ் என்பது குதிரைலாட நண்டு. பெயரில் நண்டு இருந்தாலும், சிலந்திக்கும் தேளுக்கும்தான் இது நெருங்கிய சொந்தம். இதன் மூதாதையர்கள் டைனோசருக்கு வெகுகாலம் முன்பே, 40 கோடி ஆண்டுகளுக்கும் மேலாக, கடலில் இருக்கிறார்கள்.

கேலிக்குக் காரணம் நேரடியானது. உருவத்தில் சிறிய ஆண், கொக்கி போன்ற முன்கால்களால் பெரிய பெண்ணின் பின்னோட்டைப் பற்றிக்கொள்ளும். நம் பக்கத்து இனங்களில் இந்தப் பிடி சில மணி நேரத்தோடு முடிவதில்லை, நாள்கணக்கில் நீளும். பெண் போகுமிடமெல்லாம் ஆணும் போகும். பஹாங்கின் பாலோக் கடற்கரை போன்ற இடங்களில், பௌர்ணமி, அமாவாசை ஒட்டிய பெரிய அலைகளோடு ஜோடி ஜோடியாகக் கரையேறி, மணலைத் தோண்டி முட்டையிடும். கிராஞ்சி, மண்டாய் சேற்றுநிலங்களில் இன்னோர் இனம் சதுப்பு மரங்களின் அடியில் வாழ்கிறது.

இதன் இரத்தம் நீலம். நம் இரத்தத்தில் இரும்பு செய்யும் வேலையை அதில் செம்பு செய்கிறது. பாக்டீரியாவின் நச்சு துளி பட்டாலும் அந்த இரத்தம் உறைந்துவிடும். நாம் போட்டுக்கொண்ட தடுப்பூசிகளும் ஊசி மருந்துகளும் தூய்மையானவையா என்று சோதிக்கப் பல்லாண்டுகளாகப் பயன்பட்டது இந்த இரத்தம்தான். அந்தக் கடன் நம் எல்லார் கணக்கிலும் இருக்கிறது.

ஆனால் அந்த விடாப்பிடியே இதற்கு எமன். முட்டைக்காகப் பெண்ணைப் பிடிப்பவர்கள் கையில் ஆணும் சேர்ந்தே வரும். கைவிடப்பட்ட மீன்வலையில் ஒன்று சிக்கினால் இரண்டும் சிக்கும். வளர்ந்து பெரிதாகப் பத்தாண்டு வரை ஆகும் உயிரினம் என்பதால், இன்று இழந்த ஒரு ஜோடியை நாளையே ஈடுகட்ட முடியாது. சாப்பாட்டுப் பிரியர்களுக்கும் ஓர் எச்சரிக்கை: சதுப்புநில இனத்தின் முட்டையில் கொடிய நரம்பு நச்சு இருக்கக்கூடும். மலேசியாவில் அதைச் சாப்பிட்டுப் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு.

சிங்கப்பூர் இயற்கைக் கழகத் தொண்டர்கள் பல ஆண்டுகளாகச் சேற்றில் இறங்கி, வலையில் சிக்கியவற்றை விடுவித்து, அளந்து, எண்ணிவருகிறார்கள். அந்தப் பகுதியில் 72.8 ஹெக்டர் பரப்பில் மண்டாய் சதுப்பு, சேற்றுநிலப் பூங்கா அமைக்கப்படும் என்று 2018இல் அறிவிக்கப்பட்டது. 40 கோடி ஆண்டுத் தம்பதிக்கு ஒரு மண்டபம் முன்பதிவாகியிருக்கிறது.

இருவாச்சி: தாழ்ப்பாள் உள்ளே

கடைசியாக, நான் மிகவும் நேசிக்கும் ஜோடி. மலேசியாவில் பத்து வகை இருவாச்சிகள் உண்டு. சரவாக்கின் சின்னமான 'கென்யாலாங்' அவற்றில் ஒன்று. சிங்கப்பூரில் இன்று சாங்கி, பாசிர் ரிஸ் பக்கம் அடுக்குமாடி ஜன்னலிலிருந்தே சிலர் பார்ப்பது கறுப்பு வெள்ளை இருவாச்சி.

ஆண் முதலில் பழமாகக் கொண்டுவந்து ஊட்டும். பெண்ணுக்கு நம்பிக்கை வந்ததும் இரண்டும் சேர்ந்து மரப்பொந்து பார்க்கப் போகும். பிடித்த பொந்து அமைந்தால் பெண் உள்ளே நுழைந்து, மண், எச்சம், பழச்சக்கை எல்லாம் குழைத்து வாசலை அடைத்துவிடும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் மிச்சம். அதன் பிறகு குஞ்சு பொரித்து வளரும்வரை, ஏறக்குறைய மூன்று மாதம், வெளியுலகத்தோடு ஒரே தொடர்பு அந்தக் கீறலும் அதன் வழியே கணவன் தரும் இரையும்தான்.

பார்ப்பதற்குச் சிறை போலிருக்கும். ஆனால் தாழ்ப்பாள் உள்பக்கம். அடைப்பதும் அவள்தான், உடைத்துத் திறப்பதும் அவள்தான். குரங்கும் உடும்பும் நெருங்க முடியாத பாதுகாப்பு அது. பந்தயப் பொருள் கணவனின் நம்பகம். இத்தனை வாரம் ஒரு நாள் விடாமல் இரை கொண்டுவருவானா? அதனால்தான் கல்யாணத்துக்கு முன் அத்தனை பழம் ஊட்டிப் பார்த்தல்.

அதற்காக இவர்களைத் தெய்வத் தம்பதி ஆக்கிவிட வேண்டாம். சிங்கப்பூரில் கூட்டுக்குள் வைத்த கேமராக்களில், மிகச் சிறிய குஞ்சைத் தாயே உண்டதும் மற்றக் குஞ்சுக்கு ஊட்டியதும் பதிவாகியிருக்கின்றன. இயற்கை நமக்கு நீதிக்கதை சொல்லக் கடமைப்பட்டதில்லை.

இதே குடும்பத்தில் தலைக்கவச இருவாச்சி என்று ஒன்று உண்டு. மலாய்க் கிராமங்களில் அதற்குப் பெயர் 'தெபாங் மெந்துவா', மாமியாரை வெட்டுபவன்! கதை இது: மாமியாரைப் பிடிக்காத மருமகன், அவள் வீட்டின் தூண்களைக் கோடரியால் வெட்டிச் சாய்த்துவிட்டுச் சிரித்தானாம். அவனே பறவையாகிவிட்டானாம். அந்தப் பறவை 'டக்... டக்...' என்று மெதுவாகத் தொடங்கி, வேகம் கூடி, கடைசியில் கெக்கலித்துச் சிரிப்பது போல் கூவும். மாமியார்கள் கோபிக்க வேண்டாம், கதை நம்முடையதல்ல.

ஆண்கள் வானத்தில் பறந்துகொண்டே தலையோடு தலை மோதிக்கொள்ளும். அதற்கு உதவும் கெட்டியான கொண்டையைத் தந்தம் போல் செதுக்கி விற்கிறார்கள். அதற்கான வேட்டையால் இந்த இனம் 2015இல் மிக அருகிய உயிரினப் பட்டியலுக்குத் தள்ளப்பட்டது. இதன் பெண் ஐந்து மாதம் வரை பொந்துக்குள் இருக்கும். இரை தேடிப் போன ஆணைச் சுட்டால் விழுவது ஒரு பறவை. அடைத்த வாசலுக்குப் பின்னால் காத்திருக்கும் தாயையும் குஞ்சையும் யார் எண்ணுவது?

நல்ல செய்தியும் இந்தக் குடும்பத்திலிருந்தே. சிங்கப்பூரில் கறுப்பு வெள்ளை இருவாச்சி 19ஆம் நூற்றாண்டிலேயே மறைந்துபோனது. 1994இல் ஒரு ஜோடி புலாவ் உபினில் தென்பட்டது. ஜோடி வந்துவிட்டது, ஆனால் பொந்து? இருவாச்சியால் மரத்தைக் குடைய முடியாது. இயற்கையாகக் குழி விழுந்த பெரிய மரங்களைத்தான் நம்பியிருக்கிறது. அந்த மரங்களை எப்போதோ வெட்டிவிட்டோம். 2000களில் தேசியப் பூங்காக் கழகம், ஜூரோங் பறவைப் பூங்கா, ஆய்வாளர்கள் எல்லாரும் கைகோத்துச் செயற்கைக் கூட்டுப் பெட்டிகளை மரங்களில் பொருத்தினார்கள். பறவைகள் பெட்டியை ஏற்றுக்கொண்டன. உபினிலிருந்து பெருநிலத்துக்கும் பரவின. சபாவின் கினாபாத்தாங்கான் ஆற்றங்கரைக் காடுகளிலும் இப்படிப் பெட்டிகள் வைக்கப்பட்டிருக்கின்றன.

யாரும் அந்தப் பறவைகளுக்குக் காதலிக்கச் சொல்லித்தரவில்லை. பொந்து ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார்கள். மற்றதை அவை பார்த்துக்கொண்டன.

நம் பங்கு மொய்

ஆறு கதைகளிலும் மணமக்களிடம் குறையே இல்லை. கோடிக்கணக்கான ஆண்டுகளாக ஒத்திகை பார்த்த கலை அவர்களுடையது. குறைவது இடம்: இருட்டு, காட்டுத் தரை, உயர்ந்த புல், கடல்புல், சேறு, பொந்து. நமக்குப் பயனற்றதாகத் தோன்றுபவைதான் பெரும்பாலும் அவர்களின் மண்டபம். ஓர் உயிரினம் மறையத் தொடங்குவது கடைசிப் பறவை சாகும்போதல்ல. கல்யாணம் நின்றுபோகும் நாளிலேயே அது தொடங்கிவிடுகிறது.

விருந்தாளிகளாக நாம் செய்யக்கூடியவை எளியவை. மின்மினி பார்க்கப் போனால் கைப்பேசி வெளிச்சத்தையும் ஃபிளாஷையும் அணைத்துவிடுங்கள். உங்கள் படத்தில் கறுப்பு மட்டும்தான் வரும், கண்ணில் நிற்பது போதும். காய்ந்த கடற்குதிரையையும் கொண்டைச் செதுக்கலையும் வாங்காதீர்கள். இருவாச்சிக் கூட்டைக் கண்டால் தள்ளி நின்று பாருங்கள், இடத்தைச் சமூக ஊடகத்தில் அறிவிக்காதீர்கள். சேற்றில் தனியாகக் கிடக்கும் பழைய வலையைக் கண்டால் பூங்கா ஊழியரிடம் சொல்லுங்கள்.

அடுத்த பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு சாங்கி முனையிலிருந்து படகேறி உபினுக்குப் போய்வாருங்கள். பெரிய மஞ்சள் அலகோடு ஒரு பறவை வாயில் பழத்தை வைத்துக்கொண்டு அவசரமாகப் பறந்தால், பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள்: "யாருக்குக் கொண்டுபோகிறது, சொல்?"